ஏர்கோன் ஓடுகிறது, அறை குளிரவில்லை: கேஸ் எங்கே போனது?

என் அம்மாவின் அறையில் 1 எச்பி ஏர்கோன் ஒன்று இருக்கிறது. எட்டு மாதத்தில் மூன்று முறை அதற்குக் கேஸ் ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் 150 வெள்ளி. ஏற்றிய அன்று அறை நன்றாகக் குளிரும். இரண்டு மாதம் போனதும் அம்மா விடியற்காலையில் வியர்த்துப்போய் எழுந்து வரவேற்பறையில் காற்றாடிக்குக் கீழே வந்து படுத்துக்கொள்வார். அவருக்கு வயது 78. வெப்பம் அவருக்கு வெறும் சங்கடம் மட்டுமன்று. தூக்கம் கெட்டால் மறுநாள் இரத்த அழுத்தம் ஏறிவிடும்.

மூன்றாவது முறை பழுதுபார்ப்பவர் வந்தபோது படிவம் 4 படிக்கும் என் அக்காள் மகளும் வீட்டில் இருந்தாள். "கேஸ் முடிஞ்சிருச்சு அண்ணே, ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். அவர் போனதும் அவள் கேட்டாள்: "மாமா, சமையல் கேஸ் எரியுது, அதனால முடியுது. இது எதுக்கு முடியுது? எங்க போச்சு?"

நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். 450 வெள்ளி கொடுத்த பிறகுதான் அந்தக் கேள்வி என் வீட்டில் எழுந்தது என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் கேட்டது சரியான கேள்வி. ஏர்கோனுக்குள் இருக்கும் பொருள் எரிவதில்லை, தேய்வதில்லை, செலவாவதும் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே பொருள் ஆண்டுக்கணக்காகச் சுற்றி வருகிறது. அது குறைந்தால் ஒரே காரணம்தான்: எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது பஞ்சரான டயருக்குத் தினமும் காற்றடிப்பதைப் போன்றது.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளிராத ஏர்கோன் எல்லாவற்றுக்கும் கேஸ் குறைவு காரணமன்று. பல வீடுகளில் கோளாறு அதைவிட எளியது, காசே செலவாகாதது. எது எந்தக் கோளாறு என்று பிரித்தறிய முதலில் இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

ஏர்கோன் 'குளிர்ச்சியை உண்டாக்கும்' இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஓர் இயந்திரம் கிடையாது. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. கிணற்றிலிருந்து நீரை மேலே இறைக்க பம்பு வேண்டியிருப்பதுபோல, 25 பாகை அறையிலிருந்து 33 பாகை வெயிலுக்கு வெப்பத்தைத் தள்ளவும் ஒரு பம்பு வேண்டும். குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தைத் திசை திருப்பி, வெளியே உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அதற்குப் பெயரே வெப்பப் பம்பு. திசையைத் திருப்ப அதில் ஒரு வால்வு இருக்கும். அது பாதியில் சிக்கிக்கொண்டால், கோடைக்காலத்தில் குளிர வேண்டிய வீடு குளிராமல் போகும். நம் நாட்டில் விற்கும் வீட்டு ஏர்கோன்களில் பெரும்பாலானவை குளிர்விக்க மட்டுமே என்பதால் அந்தத் தொல்லை நமக்கு அரிது.

இந்தப் பம்பு எப்படி இறைக்கிறது? இங்கேதான் நீங்கள் படிவம் 4-இல் 'ஹபா பெண்டாம் தெந்து' என்று படிக்கும் தன் உள்ளுறை வெப்பம் வருகிறது. ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆவி மறுபடி திரவமாகும்போது அதே வெப்பத்தை வெளியே விடும். தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதால் இந்த வேலைக்கு ஒத்துவராது. இன்று விற்கும் புதிய ஏர்கோன்களில் அதிகம் இருக்கும் பொருள் ஆர்-32. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அது சுழியத்துக்குக் கீழே 52 பாகையிலேயே கொதித்துவிடும்.

அழுத்தத்தை மாற்றினால் கொதிநிலையும் மாறும். கட்டுரையின் மற்ற எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்துதான் வரப்போகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல 10 மடங்கு அழுத்தத்தில் ஆர்-32 சுமார் 7 பாகையில் கொதிக்கும். 28 மடங்கு அழுத்தத்தில் 45 பாகையில் கொதிக்கும். அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் அழுத்தத்தைக் குறைவாக வைத்தால், 7 பாகையில் கொதிக்கும் அந்தத் திரவத்துக்கு 27 பாகை அறைக்காற்று ஓர் அடுப்பு. அது கொதித்து, அறையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிறது. வெளியே உள்ள பெட்டியில் கம்பிரசர் அந்த ஆவியை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. இப்போது 45 பாகையிலேயே அது திரவமாக மாறத் தயார். வெளிக்காற்று 33 பாகைதானே? வெப்பம் வெளியே ஓடிவிடுகிறது. பிறகு ஒரு குறுகிய வழி வழியாகத் திரவம் பீய்ச்சப்பட்டு, அழுத்தம் சரிந்து, மறுபடி 7 பாகைக்கு வருகிறது. சுற்று முடிந்தது.

1 எச்பி ஏர்கோன் என்பது ஏறத்தாழ 2,600 வாட் வெப்பத்தை அறையிலிருந்து அகற்றக்கூடியது. அதற்கு அது எடுக்கும் மின்சாரம் சுமார் 800 வாட்தான். இதில் ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. மின்சாரம் வெப்பத்தை உருவாக்கவில்லை, நகர்த்துகிறது. வெளிப்பெட்டி கொட்டும் வெப்பம் இரண்டும் சேர்ந்து 3,400 வாட். அதனால்தான் அதன் அருகே நின்றால் சூடு அடிக்கிறது. (குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். மேலே உள்ள எண்களே பதில் சொல்லும். யோசித்துப் பாருங்கள்.)

இனி நோயைக் கண்டுபிடிப்போம்.

முதலில் ரிமோட். சிரிக்காதீர்கள். 'டிரை' அல்லது வெறும் காற்றாடிப் பயன்முறைக்கு யாரோ மாற்றிவிட்டு, 'ஏர்கோன் கெட்டுவிட்டது' என்று ஆளைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. பனித்துகள் படம் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். இன்னொரு பழக்கம், சீக்கிரம் குளிர வேண்டும் என்று 16 பாகைக்கு இறக்குவது. 24-இல் வைத்தாலும் 16-இல் வைத்தாலும் பழைய வகைக் கம்பிரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். இன்வெர்ட்டர் வகையும் அறை சூடாக இருக்கும் தொடக்கத்தில் எப்படியும் முழு வேகத்தில்தான் ஓடுகிறது. 16 என்பது எங்கே நிறுத்த வேண்டும் என்ற கட்டளை, எவ்வளவு விரைவாக என்ற கட்டளையன்று.

அடுத்தது அளவெடுப்பது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 'குளிரவில்லை' என்பது ஓர் உணர்வு. உணர்வை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, உள்பெட்டியின் மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும், கீழே வெளிவரும் இடத்திலும் வெப்பமானியை வைத்து அளந்து பாருங்கள். நன்றாக ஓடும் ஏர்கோனில் இரண்டுக்கும் இடையே பொதுவாக 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருக்கும். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையென்றால் இயந்திரத்தில் குறையில்லை. அறைக்குள் வரும் வெப்பம் அதன் சக்திக்கு மீறியது. மாலை வெயில் விழும் மேற்குச் சுவர், கதவிடுக்கு, ஓர் ஆளுக்குச் சுமார் 100 வாட் என்ற கணக்கில் ஐந்து பேர் என்று சேர்ந்துவிடும். இதற்குக் கேஸ் ஏற்றிப் பயனில்லை. திரைச்சீலை போடுவது பயன்தரும்.

அம்மாவின் அறையில் உள்ளே போன காற்று 29 பாகை, வெளிவந்தது 24. வித்தியாசம் 5. நோய் இயந்திரத்தில்தான் என்பது உறுதியாயிற்று.

வித்தியாசம் குறைவாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது தூசி வடிகட்டி. மின்விசையை அடைத்துவிட்டு உள்பெட்டியின் முகப்பைத் தூக்கினால் வலை போன்ற வடிகட்டி கையோடு வரும். கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். சாலையோர வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தாலும் மிகையில்லை. வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் சுருளில் எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சையும் படிந்திருந்தால் அதற்குத்தான் 'கெமிக்கல் வாஷ்'. அதை ஆள் வைத்துச் செய்வதே நல்லது.

இப்போது ஒரு புதிர். அம்மாவின் அறையில் ஏர்கோன் குளிராத நாட்களில் நான் வெளிப்பெட்டியைப் பார்த்தபோது, மெல்லிய குழாயின் இணைப்பில் வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தது. அறை புழுங்குகிறது, குழாயில் ஐஸ்! அவ்வளவு குளிராக இருக்கும் குழாய் ஏன் அறையைக் குளிர்விக்கவில்லை?

கொதிநிலையும் அழுத்தமும் பற்றிய அந்த வரிக்குத் திரும்புங்கள். ஆர்-32 குறைந்துவிட்டது. கம்பிரசர் வழக்கம்போல உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சுருளுக்கு வந்து சேரும் திரவம் கொஞ்சம்தான். அதனால் அங்கே அழுத்தம் இறங்குகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல 8 மடங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே போய்விடும். காற்றின் ஈரம் குழாய்மேல் ஐஸாகிறது. ஆனால் அந்தக் கொஞ்சத் திரவம் சுருளின் தொடக்கத்திலேயே கொதித்துத் தீர்ந்துவிடுகிறது. மீதிச் சுருள் முழுவதும் வெறும் ஆவி, அது எடுத்துக்கொள்ளும் வெப்பம் மிகக் குறைவு. ஒரு மூலையில் கடுங்குளிர், மற்ற இடமெல்லாம் வெதுவெதுப்பு. வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்று வகுப்பில் சொல்கிறோமே, அது இங்கே கண்ணெதிரே குழாயில் தெரிகிறது.

தூசி அடைத்தாலும் ஐஸ் பிடிக்கும் என்பது இங்கே ஒரு சிக்கல். காற்று போதுமான அளவு வராததால் திரவத்துக்கு வெப்பம் கிடைப்பதில்லை. கொதிப்பது குறைய, கம்பிரசர் உறிஞ்ச, அழுத்தம் இறங்க, முடிவு ஒன்றுதான். ஆகவே ஐஸைப் பார்த்ததும் 'கேஸ் இல்லை' என்று முடிவு கட்டுபவரை நம்பாதீர்கள். ஐஸ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தூசி காரணமென்றால் உள்பெட்டியின் சுருள் பரவலாக உறைந்திருக்கும், வரும் காற்றும் பலவீனமாக இருக்கும். ஆர்-32 குறைவு என்றால், பொதுவாக ஐஸ் மெல்லிய குழாயிலும் சுருளின் தொடக்கத்திலும் இருக்கும். காற்று பலமாக வரும், ஆனால் குளிர்ச்சி இருக்காது. குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டிய தடித்த குழாய் காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். எங்கள் வீட்டு வடிகட்டி சுத்தமாக இருந்தது. தடித்த குழாய் காய்ந்திருந்தது.

வெளிப்பெட்டியையும் பாருங்கள். கீழ்த்தளத்தில் நின்று பார்க்க முடிந்தால் மட்டும். மாடிச் சுவரில் தொங்குவதை எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். அதன் காற்றாடி சுழல்கிறதா? முன்னால் பூந்தொட்டி, பழைய அலமாரி, காயவைத்த துணி இருக்கிறதா? சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சுழன்று திரும்பி வந்தால், திரவமாக மாறும் வெப்பநிலை 45-லிருந்து 60 பாகைக்கு ஏறும். அழுத்தம் 28 மடங்கிலிருந்து 39 மடங்கை எட்டும். கம்பிரசர் திணறி, சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். காலையில் குளிர்கிறது, மதியம் குளிரவில்லை என்ற புகாருக்கு இது அடிக்கடி காரணமாக இருக்கிறது.

காற்றாடி சுழல்கிறது, ஆனால் அது தள்ளும் காற்றில் சூடே இல்லை என்றால் கம்பிரசர் ஓடவில்லை அல்லது குழாயில் ஒன்றுமே இல்லை. பழைய வகை ஏர்கோன்களில் கம்பிரசரைக் கிளப்ப உதவும் மின்தேக்கி, அதாவது கெபாசிட்டர், வெப்பத்தில் நாளடைவில் கெட்டுப்போகும். கம்பிரசர் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு அடங்கிவிடும். மலிவான பொருள்தான். அதை மாற்றினாலே சரியாகக்கூடிய இடத்தில் 'கம்பிரசரே போய்விட்டது, புதுசு வாங்குங்கள்' என்று கேட்டுக்கொண்டு ஆயிரம் வெள்ளி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மின்தேக்கியைச் சோதித்தீர்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். நீங்களே மூடியைத் திறந்து பார்க்க மட்டும் வேண்டாம். மின்சாரத்தை அடைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். இன்வெர்ட்டர் வகையில் அது உயிரைக்கூடப் பறிக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு நான்காவது முறை வேறொருவரை அழைத்தோம். "ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகுதான் ஏற்ற வேண்டும்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். அவர், "அதுதான் சார் முறை, ஆனா அரை நாள் ஆகும்" என்றார். மீதமிருந்த ஆர்-32-ஐக் காற்றில் விடாமல் ஒரு சிலிண்டரில் சேகரித்துக்கொண்டு, குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தினார். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவினார். மெல்லிய குழாய் வெளிப்பெட்டியில் சேரும் இடத்தில், திருகாணிக்கு அடியில், கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செம்புக் குழாயின் விரிந்த வாயில் மயிரிழை போல ஒரு விரிசல். பொருத்தியபோதே அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள் போலும். அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக விரித்துப் பொருத்தினார்.

பிறகு அவர் செய்ததை முந்தையவர் மூன்று முறையும் செய்யவில்லை. வெற்றிடப் பம்பை மாட்டி முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க மட்டுமன்று, ஈரத்தை எடுக்கவும்தான். ஈரத்தை எப்படிப் பம்பால் எடுப்பது? மறுபடி அதே வரி. அழுத்தத்தை வளிமண்டலத்தின் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால், தண்ணீர் 25 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பு இழுத்துக்கொள்ளும். அதன்பின் ஆர்-32 சிலிண்டரைத் தராசில் வைத்து, வெளிப்பெட்டியின் தகட்டில் எழுதியிருந்த அரைக் கிலோவை எடைபோட்டு ஏற்றினார். 350 வெள்ளி. முன்பு மூன்று தவணையில் கொடுத்த 450-ஐவிடக் குறைவு.

கசிந்த பொருள் காற்றோடு போனதைப் பற்றியும் என் மருமகள் கணக்குப் போட்டாள். ஆர்-32 ஓசோன் படலத்தைச் சிதைப்பதில்லை, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் 100 ஆண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட 675 மடங்கு வலியது. அரைக் கிலோ கசிந்தால் ஏறத்தாழ 340 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். அப்படியென்றால் கிட்டத்தட்ட 147 லிட்டர் பெட்ரோல். மூன்று முறையும் ஏற்றியதைச் சேர்த்தால் அதைவிடக் கூடியிருக்கலாம் என்றாள். எவ்வளவு ஏற்றினார்கள் என்று யாரும் எடைபோடாததால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை மறுபடி அளந்தோம். உள்ளே 27, வெளியே 15. வித்தியாசம் 12.

அவள் அதோடு விடவில்லை. ஏர்கோன் நீர் சொட்டும் குழாயின் அடியில் வாளியை வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தாள். 1.2 லிட்டர் சேர்ந்தது. காற்றிலிருந்த நீராவி குளிர்ந்த சுருளில் நீராக மாறியபோது விட்ட வெப்பத்தையும் ஏர்கோன்தானே சுமக்க வேண்டும்? நீரின் தன் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 22 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். 1.2-ஆல் பெருக்கி, 3,600 விநாடியால் வகுத்தால் 753 வாட். மொத்தம் 2,600 வாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் காற்றை உலர்த்தவே போய்விடுகிறது. (22 லட்சத்து 60 ஆயிரம் என்பது 100 பாகைக்கான எண். குறைந்த வெப்பநிலையில் அது இன்னும் கொஞ்சம் கூடும், ஆகவே விடையும் கொஞ்சம் கூடும்.) 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் தம் முதல் குளிர்சாதனத் திட்டத்தை வரைந்ததும் மனிதர்களுக்காகவன்று. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து, வண்ணங்கள் இடம்மாறி விழுந்துகொண்டிருந்தன. அந்த ஈரத்தை அடக்கத்தான்.

உங்கள் வீட்டிலும் வாளியை வைத்துப் பாருங்கள். மழைக்குப் பிந்தைய மாலையில் ஒருமுறை, வறண்ட மதியத்தில் ஒருமுறை. இரண்டு அளவையும், அந்தந்த நேரத்தில் உள்ளே போகும் காற்று, வெளிவரும் காற்று இரண்டின் வெப்பநிலையையும் ஒரு தாளில் குறித்து ஏர்கோனுக்கு அருகே ஒட்டிவையுங்கள். அடுத்த முறை பழுதுபார்க்க யாராவது வந்தால் அந்தத் தாளை அவரிடம் காட்டலாம்.